சுவரின் இயல்பறிந்து வண்ணம் பூசுவோம்

தைத்திருநாள் நெருங்கும்போது இல்லங்கள்தோறும் எழும் பேச்சு ஒன்று உண்டு. "இந்த ஆண்டாவது வீட்டிற்கு வெள்ளையடித்துவிட வேண்டும்" என்பதே அது. போகியன்று பழையன கழித்து, மறுநாள் புதுப்பானையில் பொங்கலிடும் நம் மரபில், சுவரைத் தூய்மை செய்வதையும் ஓர் அங்கமாகவே முன்னோர் வைத்தனர். அந்நாளில் அது எளிய காரியம். சுண்ணாம்புக் கல்லை வாங்கி நீரிட்டு நீற்றி, துணியில் வடிகட்டி, சிறிது பசையும் நீலமும் கலந்து மட்டையால் பூசினால் வீடு வெளிச்சமாகிவிடும். இன்றோ கடைக்குச் சென்றால் நூற்றுக்கணக்கான நிறங்கள் கொண்ட அட்டையை நம் கையில் தருகிறார்கள். குடும்பத்தார் அனைவரும் அமர்ந்து நிறத்தைப் பற்றியே விவாதிக்கிறோம்.

நிறத்தைக் குலவழக்கப்படியோ வாஸ்து கூறுகிறபடியோ மனத்திற்கு உகந்தபடியோ தேர்ந்துகொள்ளலாம், அதில் தவறில்லை. ஆயினும் நிறத்திற்கு முன் விடை காண வேண்டிய வினாக்கள் மூன்று உள. இந்தச் சுவர் எதனால் ஆனது? இந்த அறையில் என்ன நடக்கிறது? இந்த அறையில் யார் வசிக்கிறார்? இம்மூன்றையும் கேளாது பூசிய வண்ணம், எத்துணை விலையுயர்ந்ததாயினும், இரண்டு மழைக்காலம் தாங்காது. வயது முதிர்ந்தோரும் சிறு குழந்தைகளும் உள்ள வீட்டில் அது உடல்நலத்தையும் பாதிக்கும்.

சுண்ணாம்பின் பெருமை

தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931-ஆம் ஆண்டு எஸ்.கே. கோவிந்தசாமி என்னும் அறிஞர் கண்டறிந்தார். அவ்வோவியங்களைத் தாங்கி நிற்பது சுண்ணாம்புச் சாந்து. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் அது நிலைத்திருக்கிறது.

இதன் காரணம் சுண்ணாம்பின் இயல்பிலேயே உள்ளது. சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுடும்போது அதனுள் இருக்கும் கரியமில வாயு வெளியேறுகிறது. நீரில் நீற்றிச் சுவரில் பூசியபின், காற்றிலுள்ள அதே வாயுவை அது மெல்ல மெல்ல உள்வாங்கி மீண்டும் கல்லாகிறது. அவ்வாறு உருவாகும் படலம் நுண்ணிய துளைகள் உடையது. சுவரில் ஏறிய ஈரம் அத்துளைகளின் வழியே வெளியேறிவிடும். சுண்ணாம்பின் காரத்தன்மையால் பூஞ்சையும் எளிதில் பற்றுவதில்லை.

நம்மில் பலரும் பாட்டன் காலத்து வீட்டில் வாழ்கிறோம். அவ்வீடுகளின் சுவர்கள் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டவை. ஐயமிருப்பின் மறைவான ஒரு மூலையில் ஆணியால் கீறிப் பாருங்கள். வெண்மையாக மாவுபோல் உதிர்ந்தால் அது சுண்ணாம்புக் காரை. சாம்பல் நிறத்துடன் கடினமாக இருந்தால் சிமெண்ட்.

சுண்ணாம்புக் காரைச் சுவரின்மேல் சிமெண்ட் பட்டி பார்த்து, பளபளக்கும் எமல்ஷன் பூசுவது இன்று பரவலாகிவிட்டது. முதல் ஆண்டு கண்ணுக்கு அழகாகவே இருக்கும். ஆனால் தரையிலிருந்து சுவரில் ஏறும் ஓதம் வெளியேற வழியின்றித் தவிக்கும். இரண்டடி உயரத்தில் நின்ற ஈரம் நான்கடிக்கு ஏறும். உப்புப் பூத்து, வண்ணம் கொப்புளித்து, காரையையும் பெயர்த்துக்கொண்டு விழும். அத்தகைய சுவருக்குச் சுண்ணாம்பே உற்ற துணை. ஆண்டுக்கொரு முறையோ ஈராண்டுக்கொரு முறையோ பூசவேண்டிய சிரமம் உண்டு. செலவு மிகக் குறைவு. நீற்றும்போது மட்டும் கவனம் தேவை. நீர் பட்டதும் சுண்ணாம்பு கொதித்துத் தெறிக்கும். ஒரு துளி கண்ணில் பட்டாலும் பெருந்தீங்கு விளையும். பேரக்குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

சிமெண்ட் சுவரும் மழைக்காலமும்

சிமெண்ட் பூச்சுள்ள சுவர்களுக்கு எமல்ஷன் பொருந்தும். புதிதாகப் பூசிய சுவராயின் நீராட்டி முடித்தபின் குறைந்தது நான்கு வாரங்கள் உலரவிட வேண்டும். புதுச் சிமெண்டின் காரம் வண்ணத்தைக் கெடுக்கும்; உள்ளே தங்கிய நீரும் படலத்தைப் பெயர்க்கும்.

பழைய சுவருக்கும் இது பொருந்தும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த சுவர், மார்கழிப் பனியில் முழுவதும் உலர்வதில்லை. பொங்கலுக்குள் முடித்துவிட வேண்டும் என்னும் அவசரத்தில் ஈரச் சுவரில் வண்ணம் பூசுவோர் பலர். இதனை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஓரடிச் சதுரமுள்ள பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டும் நாடாவால் இடைவெளியின்றி ஒட்டி, ஒரு முழுநாள் விட்டுவிடுங்கள். பிரிக்கும்போது தாளின் உட்புறம் நீர் முத்துக்கள் இருந்தால் சுவர் இன்னும் உலரவில்லை. அவ்வாறாயின் போகிக்கு ஒட்டடை அடித்துக் கழுவித் துடைப்பதோடு நிறுத்திக்கொண்டு, வண்ணப் பூச்சை மாசி, பங்குனிக்குத் தள்ளி வைப்பதே விவேகம். குழாய்க் கசிவோ மாடியில் வெடிப்போ இருந்தால் முதலில் அதனைச் சீர்செய்ய வேண்டும். கசிவை வண்ணத்தால் மறைக்க இயலாது.

வண்ணங்களின் வகை

டிஸ்டெம்பர் விலை குறைந்தது. சுண்ணத்தூளும் பசையும் சேர்ந்தது. நீர் கொண்டு தேய்த்தால் கையோடு வரும். ஆகவே உலர்ந்த, அதிகம் கை படாத அறைகளுக்கே ஏற்றது. எமல்ஷன் நீரில் கரைத்துப் பூசுவது, துடைக்கலாம். அதில் பளபளப்பற்றது, மென்பளபளப்புடையது எனப் பிரிவுகள் உண்டு. பளபளப்பு கூடக்கூடத் துடைப்பது எளிது. ஆனால் சுவரின் மேடுபள்ளமும் விளக்கின் கூச்சமும் கூடவே தெரியும். எனாமல் எண்ணெய் வகை. மரத்திற்கும் இரும்பிற்கும் உரியது, சுவருக்கு வேண்டாம்.

டிஸ்டெம்பரின் மேல் எமல்ஷன் பூச நினைத்தால் முதலில் உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். மாவு ஒட்டினால் பழைய பூச்சைச் சுரண்டி, பிரைமர் அடித்த பின்னரே மேற்பூச்சு. இப்படியை விட்டுவிட்டால் புதிய வண்ணம் செதில் செதிலாக உரியும்.

அறைக்கேற்ற பூச்சு

பூஜையறையில் நாள்தோறும் நெய்யோ நல்லெண்ணெயோ எரிகிறது. கற்பூரமும் சாம்பிராணியும் புகைகின்றன. அப்புகைக்கரி படியாத சுவர் இல்லை. துடைக்கத்தக்க சுவரே வேண்டும். ஆகவே மென்பளபளப்புள்ள எமல்ஷனை வெளிர் நிறத்தில் பூசுங்கள். விளக்கைச் சுவரிலிருந்து ஓரடியேனும் தள்ளி வையுங்கள். திரியைச் சிறிதாக வைத்தாலே கரி பாதியாகக் குறையும். சுவரில் விளக்கு மாடம் இருப்பின் அதன் உட்புறத்தில் வண்ணம் பூசாது கல்லோ ஓடோ பதிப்பது நன்று. நிலைப்படிக்கு மஞ்சளும் குங்குமமும் இடுவோர் அம்மரத்திற்கு எனாமல் பூசினால் துடைப்பது எளிதாகும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள். எனாமலின் டர்பன்டைன் ஆவி தீப்பற்றும் இயல்புடையது. அந்த வாடை முற்றிலும் அகலும்வரை, அவ்வறையில் விளக்கேற்றாது வேறோர் இடத்தில் சுவாமி படத்தை எழுந்தருளச் செய்து வழிபடுங்கள்.

சமையலறையில் தாளிப்பின் எண்ணெய்ப்புகை சுவரெங்கும் படியும். அடுப்பின் பின்புறம் ஓடு பதித்து, மற்றப் பகுதிக்குத் துடைக்கத்தக்க எமல்ஷன் பூசலாம். குளியலறையில் ஓட்டிற்கு மேலுள்ள சுவருக்கும் கூரைக்கும் பூஞ்சை எதிர்க்கும் வகையை வாங்குங்கள். காற்றுப் போக்கி இல்லாத குளியலறையில் எந்த வண்ணமும் நிலைக்காது.

வெளிச்சுவருக்கு வெளிப்புற எமல்ஷனையே பூச வேண்டும். உட்புற வகை வெயிலிலும் மழையிலும் வெளிறி உதிரும். மொட்டைமாடியில் தரைக்குச் சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பும் வெண்பூச்சோ பூசினால் கோடையில் கீழறையின் வெப்பம் தணியும். இதனைச் சித்திரைக்கு முன் முடிப்பது நலம். சன்னல் கம்பிகளுக்குத் துருவை உப்புத்தாளால் தேய்த்தெடுத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, அதன்மேல் எனாமல் பூச வேண்டும்.

மூத்தோர் அறை

இப்போது மூன்றாம் வினாவிற்கு வருவோம். வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சளேறுகிறது, பாவையும் சுருங்குகிறது. இருபது வயதில் விழித்திரையை அடைந்த ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அறுபது வயதில் அடைகிறது. நீலத்தையும் பச்சையையும் பிரித்தறிவது கடினமாகிறது. பளபளக்கும் பரப்பு கண்ணைக் கூசச் செய்கிறது.

ஆகவே மூத்தோர் உறங்கும் அறைக்குப் பளபளப்பற்ற, வெளிர் நிற எமல்ஷன் ஏற்றது. கூரை வெண்மையாக இருக்கட்டும். விளக்கொளி அறையெங்கும் பரவும். ஆனால் எல்லாமே வெண்மையாக இருந்துவிடலாகாது. கதவின் சட்டம் சுவரினின்று வேறுபட்ட அடர்நிறமாக இருந்தால் நள்ளிரவில் எழுந்தாலும் வாயில் எதுவெனத் தெரியும். குளியலறையில் பிடித்துக்கொள்ளும் கம்பி, சுவரின் நிறத்தினின்று தனித்துத் தெரிய வேண்டும். படிகளின் விளிம்பில் இரண்டு விரல் அகலத்திற்கு மாறுபட்ட நிறக்கோடு ஒன்று இட்டுவிடுங்கள். கோயில் மதிலின் காவியும் வெள்ளையும் கலந்த பட்டைகள் மங்கிய ஒளியிலும் எத்துணைத் தெளிவாகத் தெரிகின்றன என்பதை நாம் அறிவோம். அதே தெளிவை நம் வீட்டுப் படிக்கும் அளித்தால், அந்த ஒரு கோடு இடுப்பெலும்பு முறிவிலிருந்து ஒருவரைக் காக்கக்கூடும்.

பேரக்குழந்தைகளுக்காக

முற்காலத்து எண்ணெய் வண்ணங்களில் நிறத்திற்காகவும் விரைவில் உலர்வதற்காகவும் ஈயம் சேர்த்தனர். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. இந்திய அரசு 2016-இல் இதற்கென விதிகளை வகுத்தது. 2017 நவம்பர் முதல் நாளிலிருந்து, வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சம் பங்கில் 90 பங்கிற்கு மேல் இருத்தலாகாது. டப்பாவிலும் அதனை அச்சிட வேண்டும். வாங்கும்போது படித்துப் பாருங்கள்.

புதிய டப்பாவைவிடப் பழைய கதவே அதிகக் கவலைக்குரியது. முப்பது, நாற்பது ஆண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிய கதவு, சன்னல், ஊஞ்சல் பலகை ஆகியவற்றின் அடியடுக்குகளில் ஈயம் இருக்கக்கூடும். அவற்றை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அத்தூள் காற்றில் கலந்து தரையில் படியும். தவழும் குழந்தை அத்தரையில் கைவைத்து அக்கையை வாயில் வைக்கும். ஆகவே நீர் தெளித்து ஈரத்துடன் தேய்க்கச் சொல்லுங்கள். வேலை நடக்கும் நாட்களில் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேறிடத்தில் இருக்கச் செய்யுங்கள். முடிந்ததும் ஈரத்துணியால் தரையைத் துடையுங்கள். துடைப்பத்தால் பெருக்கினால் தூள் மீண்டும் எழும். வேலை செய்யும் பெயின்டரும் முகத்தை மூடிக்கொள்ளட்டும். நாள்தோறும் அத்தூளைச் சுவாசிப்பவர் அவரே.

ஆஸ்துமா, இழுப்பு உள்ளோர் வாடை குறைந்த எமல்ஷனைக் கேட்டு வாங்க வேண்டும். ஒரு நேரத்தில் ஓர் அறையென வேலையைப் பகிர்ந்துகொண்டால், பூசிய அறையைச் சில நாட்கள் திறந்து வைத்துவிட்டு வேறோர் அறையில் உறங்கலாம்.

எவ்வளவு வாங்குவது?

பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, பத்தடி உயரம் என்று கொள்வோம். நான்கு சுவர்களின் சுற்றளவு 44 அடி. பரப்பு 440 சதுர அடி. கதவு, சன்னலுக்கு 50 கழித்தால் 390. இரண்டு பூச்சுக்கு 780 சதுர அடி. ஒரு லிட்டர் எமல்ஷன் ஒரு பூச்சில் ஏறத்தாழ 120 சதுர அடி வரும் எனக் கொண்டால் ஆறரை லிட்டர் தேவை. இக்கணக்கைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். வண்ணம் கலந்தபின் பெரும்பாலும் திரும்பப் பெறமாட்டார்கள். முதலில் சிறு டப்பா வாங்கிச் சுவரில் இரண்டடிச் சதுரம் பூசி, காலை வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் பார்த்த பின்னர் முடிவு செய்யுங்கள்.

கையில் உள்ள பொருள் வீடு முழுவதற்கும் போதாதெனில் வருந்த வேண்டாம். முதலில் ஓதத்தைச் சரிசெய்யுங்கள். அடுத்து மூத்தோர் அறையும் படியின் விளிம்பும். பின்னர் பூஜையறையும் சமையலறையும். வரவேற்பறை அடுத்த ஆண்டுவரை காத்திருக்கும். விருந்தினர் பார்க்கும் சுவரைவிட, நாம் சாய்ந்து இளைப்பாறும் சுவரே முதலில் கவனிக்கத்தக்கது.