மெயில் ஐடி கேட்க மேளதாளம் எதுக்கு?

மக்களே, ரொம்ப நாளா உள்ளுக்குள்ள புகைஞ்சுக்கிட்டு இருந்த சமாச்சாரம். இன்னிக்குக் கொட்டிடறேன். (நீளத்தைத் திட்டற பதிவே இவ்ளோ நீளமான்னு கேக்கப் போறவங்களுக்கு பதில் கடைசியில இருக்கு.)

"உங்க மெயில் ஐடியைக் குடுங்க, தகவல் அனுப்பறோம்"னு ஒரு பக்கம் போடறாங்க இல்லையா, அது எவ்வளவு நீளம் இருக்கணும்? இதுக்கு ரெண்டு கோஷ்டி குருமார்கள் இருக்காங்க. ஒரு கோஷ்டி, "எழுது, எழுது, படிக்கறவன் மனசு கரையற வரைக்கும் எழுது"ன்னு சொல்லும். இன்னொன்னு, "ஒரு பெட்டி, ஒரு பட்டன், அவ்ளோதான்"னு அடிச்சுப் பேசும். என்னைக் கேட்டா ரெண்டுமே தப்பு. கேக்கற பொருளோட கனம் எவ்வளவோ, சொல்ற விளக்கமும் அவ்வளவு. இதான் கணக்கு. கொஞ்சமா கேக்கறவன் நிறைய பேசினா அது வித்தை. நிறைய கேக்கறவன் கொஞ்சமா பேசினா அது மோசடி.

நீளப் பக்கம் எங்கிருந்து வந்துச்சுன்னு பாருங்க. அமெரிக்காவுல தபால் மூலமா பொருள் வித்த காலத்து விற்பனைக் கடிதம் அது. கையில பொருளைக் காட்ட முடியாது, கடைக்காரன் முகம் தெரியாது, ஆனா காசை முன்கூட்டி அனுப்பச் சொல்லணும். அதனால பக்கம் பக்கமா எழுதினான். அதுல நியாயம் இருந்துச்சு. காசே கேக்காத ஒரு மெயில் பட்டியலுக்கு அதே சட்டையை எடுத்து மாட்டினா? பால்வாடி பிள்ளைக்கு அப்பா கோட்டு மாட்டின மாதிரி தொளதொளன்னு இருக்கும்.

நம்ம ஏரியாவுக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்கண்டிகை, அந்தப் பக்கம் திருவள்ளூரை ஒட்டி காக்களூர். ஐடிஐ முடிச்ச பையன், டிப்ளமோ முடிச்ச பொண்ணு, பீகார்லயும் ஒடிசாவுலயும் இருந்து வந்த கான்ட்ராக்ட் தொழிலாளி, இவங்க எல்லாம்தான் "வேலை வாய்ப்புத் தகவல் மெயிலில் பெற"ங்கற பக்கத்தைத் திறக்கறவங்க. கம்ப்யூட்டர்ல இல்ல, போன்ல. ஏசி ரூம்ல இல்ல, பொன்னேரிக்கும் கவரைப்பேட்டைக்கும் நடுவுல, லோக்கல் ட்ரெயின்ல தொங்கிக்கிட்டு, ஒத்தைக் கட்டை விரலால.

அந்தக் கட்டை விரலுக்கு என்ன கிடைக்குது? ஒரு வேலை ஏஜென்சியோட பக்கத்தை எங்க ஷிஃப்ட் பையன் ஒருத்தன் காட்டினான். பேர் வேணாம். ஒன்பது முறை தள்ளினேன், அப்புறம்தான் மெயில் ஐடி கேக்கற பெட்டியே வந்துச்சு. அதுவரைக்கும் சிரிச்ச முகங்கள், கைகுலுக்கற போட்டோ, சிவப்புல ஓடற கடிகாரம், "இன்னும் 3 இடங்கள் மட்டுமே". ஏங்க, மெயில் அனுப்பற பட்டியல்ல என்னங்க 3 இடம்? அது என்ன ஷேர் ஆட்டோவா?

சரி, பெட்டி வந்துச்சேன்னு பார்த்தா அதுக்குக் கீழே இன்னும் பதினோரு பெட்டி. அப்பா பேர், பிறந்த தேதி, சாதி, ஆதார் நம்பர், இப்ப வாங்கற சம்பளம், வாட்ஸப் நம்பர்... எல்லாத்துக்கும் சிவப்பு நட்சத்திரம். ஒண்ணு விட்டாலும் பட்டன் வேலை செய்யாது. வாரம் ஒரு மெயில் அனுப்ப சாதி எதுக்கு? ஆதார் எதுக்கு?

பையன் எல்லாத்தையும் ஒழுங்கா நிரப்பினான். மெயில் ஒண்ணு கூட வரலை. போன் வந்துச்சு. "தம்பி, பெரிய கம்பெனியில உங்களுக்கு எடம் ஓகே ஆயிடுச்சு, யூனிஃபார்முக்கும் சேஃப்டி ஷூவுக்கும் டெபாசிட் மட்டும் கட்டிடுங்க." அப்பா பேர், பிறந்த தேதி எல்லாம் கரெக்டா சொன்னதால நம்பிட்டான். போன காசு போனதுதான். எவன் குடுத்த தகவலை வச்சு எவன் பேசினான்னு நிரூபிக்க முடியாது. ஆனா இவ்வளவையும் ஒரே இடத்துல கொட்டச் சொல்லாம இருந்திருந்தா, திருடறதுக்கு அங்க ஒண்ணும் இருந்திருக்காது. அதுதான் என் வாதம்.

இங்க ஒரு எதிர்க்கேள்வி வரும். "சார், நிறைய கேட்டாத்தான் உண்மையான ஆர்வம் உள்ளவன் மட்டும் வருவான், சும்மா வர்றவன் ஓடிடுவான்." பல எச்.ஆர். ஆளுங்க வாயால கேட்டிருக்கேன். இதுல கொஞ்சம் உண்மை இருக்குங்கறதை மறுக்கலை. நீள ஃபாரம் ஆளை வடிகட்டும். ஆனா எவனை வடிகட்டுது? விவரம் தெரிஞ்சவன் நம்பர் பெட்டியில பத்து ஒன்பதைத் தட்டிட்டுப் போறான். வேற வேலை கையில இருக்கறவன் மூடிட்டுப் போறான். வேலை கட்டாயம் வேணும்ங்கறவன் மட்டும்தான் ஒவ்வொரு பெட்டியையும் உண்மையா நிரப்பறான். அதாவது யாருக்கு இழக்கறதுக்கு வலு இல்லையோ அவன்கிட்ட இருந்துதான் எல்லாத்தையும் வாங்கறீங்க. ஆர்வத்தை அளக்கறதா சொல்றீங்க, நீங்க அளக்கறது அவனோட அவசரத்தை.

இன்னொண்ணு, வியாபாரக் கணக்குலயும் இது நஷ்டம்தான். எக்ஸ்பீடியா கதை 2010ல வெளிய வந்துச்சு. பணம் கட்டற பக்கத்துல "கம்பெனி பெயர்"னு ஒரு பெட்டி, கட்டாயம் கூட இல்ல. சில பேர் அதைக் குழப்பிக்கிட்டு தன் பேங்க் பேரைப் போட்டுட்டு, அடுத்து முகவரியிலயும் பேங்க் முகவரியையே போட்டுட்டாங்க. கார்டு முகவரி ஒத்துப் போகாம பரிவர்த்தனை விழுந்துச்சு. அந்த ஒரு பெட்டியைத் தூக்கினாங்க. வருஷத்துக்கு 1.2 கோடி டாலர் லாபம்னு அந்தக் கம்பெனிக்காரங்களே சொன்னாங்க. தேவையில்லாத ஒரு பெட்டியோட விலை அது.

மெயில் பட்டியலுக்கே உதாரணம் வேணுமா? 2007 டிசம்பர்ல ஒபாமா பிரசாரத்துக்காரங்க பண்ணின சோதனை. கேட்டது மெயில் ஐடியும் அஞ்சல் குறியீடும், ரெண்டே ரெண்டு. மேல போட ஆறு விதமான படமும் வீடியோவும், நாலு விதமான பட்டன், மொத்தம் 24 ஜோடி. அங்க வேலை பார்த்தவங்க வீடியோதான் ஜெயிக்கும்னு நினைச்சிருந்தாங்க. எல்லா வீடியோவும் சாதாரண போட்டோக்களுக்குப் பின்னாடிதான் நின்னுச்சு. ஜெயிச்சது ஒரு குடும்ப போட்டோவும் "மேலும் அறிய"ங்கற பட்டனும். பதிவு பண்ணினவங்க 8.26 சதவீதத்துல இருந்து 11.6 சதவீதம் ஆனாங்க. ஒரு பெட்டி கூட சேர்க்கலை, ஒரு பத்தி கூட எழுதலை.

"அப்ப ஒரு பெட்டி கோஷ்டிதான் சரி"ன்னு கை தட்டாதீங்க, உங்களுக்கும் இருக்கு.

நம்ம பிளாக்கர்ல ஃபீட்பர்னர் வழியா ஓரத்துல ஒரு பெட்டி இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? 2021 ஜூலையோட கூகுள் அந்த மெயில் சேவையை நிறுத்திட்டாங்க. அதுல ஒரு வரி விளக்கம் கிடையாது, ஆனாலும் ஜனங்க நம்பிக் குடுத்தாங்க. ஏன்? பக்கத்துலயே பத்து வருஷப் பதிவு கிடந்துச்சு. ஆள் யாரு, எப்படி எழுதுவான், மாசத்துக்கு எத்தனை தடவை தலை காட்டுவான், எல்லாம் படிச்சவனுக்குத் தெரியும். அந்தப் பெட்டிக்கு முன்னாடி இருந்த மொத்த பிளாகும்தான் அதோட விளக்கம். அதே ஒத்தைப் பெட்டியை முகம் தெரியாத ஏஜென்சிக்காரன் வச்சா அது எளிமை இல்ல, மூடி மறைக்கறது.

நீளம் நியாயமா இருக்கற இடமும் உண்டு. 2021 ஆகஸ்ட்ல ஒன்றிய அரசு இ-ஷ்ரம் பதிவு ஆரம்பிச்சுது, அமைப்புசாராத் தொழிலாளிகளுக்கு. ஆதார், பேங்க் கணக்கு, தொழில் எல்லாம் கேட்டாங்க. கோடிக்கணக்கான பேர் நிரப்பினாங்க. நம்ம ஊர்ல செங்கல் சூளையில இருக்கறவங்களும் சேவை மையத்துல வரிசையில நின்னாங்க. ஏன்னா ஆளை அடையாளம் தெரியணும், உதவி வந்தா கணக்குல போடணும். கேள்விக்கு எதிர்ப்பக்கம் ஒரு காரணம் நின்னுச்சு. வாரம் ஒரு மெயில் அனுப்பறவனுக்கு அந்தக் காரணம் எங்க இருக்கு?

சட்டமும் இதைத்தான் சொல்லுது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(2) படிச்சுப் பாருங்க. மனு போடறவன் காரணம் சொல்ல வேண்டியதில்ல. தொடர்பு கொள்ளத் தேவையானதைத் தவிர வேற சொந்த விவரம் கேக்கக் கூடாது. ஒரு வெள்ளைத்தாளும் பத்து ரூபாயும் இருந்தா அரசாங்கத்தையே கேள்வி கேக்கலாம், ஆனா தனியார் ஏஜென்சி மெயில் அனுப்ப அப்பா பேர் சொல்லணுமாம்!

2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேல. நோக்கத்துக்குத் தேவையான தகவலுக்கு மட்டும்தான் சம்மதம் செல்லும். சட்டத்துலயே ஒரு உதாரணம் இருக்கு: மருத்துவ ஆலோசனை சொல்ற செயலி, போன்ல இருக்கற தொடர்பு எண்களையும் கேக்குது, ஆளும் சரின்னு அழுத்திடறார். அப்படி அழுத்தினாலும் அந்தப் பட்டியலுக்கு சம்மதம் செல்லாது. அதுமட்டுமில்ல, சம்மதம் கேக்கற வாசகத்தை எளிய மொழியில, ஆங்கிலத்துலயோ எட்டாவது அட்டவணை மொழியிலயோ படிக்கற வசதி தரணும். தமிழும் அதுல இருக்கு, ஒடியாவும் இருக்கு. குடுக்கறது எவ்வளவு சுலபமோ திரும்ப வாங்கறதும் அவ்வளவு சுலபமா இருக்கணும். விதிகள் 2025 நவம்பர்ல வந்துச்சு, நிறுவனங்களுக்கான பெரும்பாலான கடமைகளுக்கு அதுல இருந்து 18 மாசம் அவகாசம். அவகாசம் முடியற வரைக்கும் காத்திருக்கணும்னு யாரும் சொல்லலை.

அப்ப சரியான நீளம் என்ன? படிக்கறவனுக்கு அஞ்சு பதில் வேணும். யார் அனுப்பறாங்க, என்ன அனுப்பறாங்க, எத்தனை தடவை, வேற யாருக்காவது குடுப்பாங்களா, எப்படி நிறுத்தறது. இதை இப்படி எழுதலாம்:

"கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள எங்கள் ஆலையின் காலியிடங்களை மாதம் இரண்டு முறை மெயிலில் அனுப்புகிறோம். உங்கள் முகவரியை வேறு யாருக்கும் தர மாட்டோம். வேலைக்கு எங்கள் பெயரில் யார் பணம் கேட்டாலும் தராதீர்கள். வேண்டாம் என்றால் எந்த மெயிலிலும் கீழே உள்ள 'நிறுத்து' என்பதை அழுத்தினால் போதும்."

கீழே ஒரு பெட்டி, ஒரு பட்டன். அதுக்கடியில இதே வாசகம் ஹிந்தியிலயும் ஒடியாவுலயும். போன்ல ஒரு தடவை தள்ளினா முடிஞ்சிடும். மத்த விவரம் வேணும்னா, ஆளை இன்டர்வியூவுக்குக் கூப்பிடும்போது கேளுங்க. அப்ப கேக்கக் காரணம் இருக்கும், அவனுக்கும் சொல்ல மனசு இருக்கும். இதுக்கு மேல ஒரு பெட்டி சேர்க்கணும்னு தோணினா, அது எதுக்குன்னு பெட்டி பக்கத்துலயே ஒரு வரி எழுதிப் பாருங்க. எழுத வரலைன்னா பெட்டியைத் தூக்கிடுங்க.

நம்ம பதிவர்கள்ல பாதிப் பேர் பகல்ல ஏதோ ஒரு ஆபீஸ்ல இந்த மாதிரிப் பக்கம் செய்யறவங்கதான். அடுத்த தடவை மேனேஜர் "இன்னொரு ஃபீல்டு சேர்த்துடு"ன்னு சொல்லும்போது "எதுக்கு சார்?"னு ஒரே ஒரு வார்த்தை கேளுங்க. அந்த ஒரு கேள்வி, கவரைப்பேட்டை தாண்டி ட்ரெயின்ல தொங்கிட்டு வர்ற ஒருத்தனோட டெபாசிட் காசைக் காப்பாத்தலாம்.

பி.கு: இந்தப் பதிவு ஏன் இவ்ளோ நீளம்னா, உங்க மெயில் ஐடி எனக்கு வேணாம். நான் கேக்கறது உங்க மனசு மாறணும்னு. அது கனமான சரக்கு, கொஞ்சம் விளக்கித்தான் கேக்கணும் :-)