வகுப்பறைக் காற்றை யார் அளப்பது?

ஒரகடம் சாலையில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். டிரெய்லர்களும் கன்டெய்னர் லாரிகளும் கிளப்பும் புழுதி கண்ணை நிறைத்துவிடும். சாலையோரப் பள்ளிகள் ஜன்னலைச் சாத்திக்கொள்வதில் வியப்பில்லை. புழுதி குறையும், இரைச்சலும் குறையும். ஆனால் உள்ளே அடைபட்ட காற்றின் கதி என்ன?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். வகுப்பறையின் நீளம் 8 மீட்டர், அகலம் 6, உயரம் 3. ஆக 144 கன மீட்டர். 40 பேர் அமர்ந்தால் ஆளுக்குக் கிடைப்பது 3.6 கன மீட்டர். உங்கள் வயதினர் ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே மணிக்குச் சுமார் 15 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். 40 பேருக்கு 600 லிட்டர். வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கே இருக்கும் அவ்வாயு, காற்றோட்டமே இல்லாத அந்த அறையில் பத்து நிமிடத்தில் 1,000 பங்கைத் தாண்டும். முதல் பாடவேளை முடிவதற்குள் 3,000! தலை கனப்பதற்குக் கணக்குப் பாடத்தை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

இதே வட்டாரத்து ஆலைகளைப் பாருங்கள். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், அதற்குப்பின் எழுந்த ஆலைகளில் தொழிலாளி ஒருவருக்குக் குறைந்தது 14.2 கன மீட்டர் இடம் வேண்டுமென்று விதித்தது. 4.2 மீட்டருக்கு மேலுள்ள உயரத்தைக் கணக்கில் காட்டவும் விடவில்லை. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கார் ஆலைகள் எழுந்தது அச்சட்டத்தின் கீழ்தான். அப்பாவுக்கு 14.2, மகளுக்கு 3.6! ஆலையில் உழைப்பும் இயந்திரச் சூடும் உண்டு, ஒப்பீடு முற்றும் பொருந்தாது என்பது உண்மையே. ஆயினும் இந்த இடைவெளி எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

கரியமில வாயுவாவது அயர்ச்சி தந்து தன்னைக் காட்டிக்கொள்ளும். ரேடான் அப்படியன்று. அதற்கு நிறமில்லை, மணமில்லை. மண்ணிலும் பாறையிலும் இயல்பாகவே உள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியத்திலிருந்து பிறப்பது இந்த வாயு. தரை விரிசல்களின் வழியே ஏறிவந்து அடைத்த அறையில் தங்கும். இதன் அரை ஆயுள் 3.8 நாள். இது சிதைந்து உண்டாகும் பொலோனியம் தூசியில் ஒட்டிக்கொண்டு நுரையீரலுக்குள் போய் ஆல்பா துகள்களை வீசுகிறது. நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடித்தலுக்கு அடுத்த முக்கியக் காரணம் ரேடான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீடுகளில் கன மீட்டருக்கு 100 பெக்கரலுக்கு மேல் போகாதிருப்பது நல்லது என்பது அதன் பரிந்துரை.

1984 டிசம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு விந்தை நடந்தது. இன்னும் மின் உற்பத்தி தொடங்காத லிமரிக் அணுமின் நிலையத்தில், ஸ்டான்லி வாட்ராஸ் என்ற பொறியாளரைக் கண்டதும் கதிரியக்க எச்சரிக்கை மணி அலறியது. நிலையத்தில் கோளாறில்லை, அவர் வீட்டிலிருந்துதான் கதிரியக்கத்தைச் சுமந்து வந்திருந்தார்! வீட்டுக் காற்றில் சுமார் 1,00,000 பெக்கரல் ரேடான். அந்த மணி மட்டும் இல்லாதிருந்தால்?

நம் பள்ளிகளும் அப்படித்தான் என்று பயமுறுத்த நான் வரவில்லை. ஜன்னல் திறந்து மின்விசிறி சுழலும் அறையில் ரேடான் சேர்வது கடினம். ஆனால் கணினி அறை, குளிரூட்டிய வகுப்பு என்று கதவடைத்த அறைகள் பெருகிவருகின்றனவே! அங்கே ஊகம் உதவாது, அளக்கத்தான் வேண்டும். அளக்கும் முறையோ எளிது. சிறு குப்பிக்குள் ஒரு பிலிம் துண்டை வைத்து மூன்று மாதம் தொங்கவிடுவார்கள். பிறகு அதைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டால், ஆல்பா துகள் பட்ட தடங்கள் துளைகளாகத் தெரியும், நுண்ணோக்கியில் எண்ணிவிடலாம். இத்தகைய அளவுமானிகளை மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கியிருக்கிறது.

பள்ளிக்குக் கட்டட உறுதிச் சான்று கேட்கிறோம், தீத்தடுப்புச் சான்று கேட்கிறோம். காற்றுச் சான்றும் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் சாலையோரப் பள்ளிகளின் தரைத்தள அறைகளிலிருந்தே தொடங்கலாம். சான்று வரும்வரை சாலைப் பக்க ஜன்னல்கள் சாத்தியே இருக்கட்டும். மறுபக்கத்து ஜன்னல்களைத் திறந்துவையுங்கள். கூரையை ஒட்டிய வென்டிலேட்டர்களை அட்டை வைத்து அடைத்திருந்தால் அந்த அட்டையை எடுத்துவிடச் சொல்லித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.