தள்ளி வைக்கக் கொடுத்த பட்டம்

மவுன்ட்பேட்டன் என்ற பெயரைப் பள்ளிப் பாடத்தில் படிக்காதவர் நம்மில் குறைவு. 1947-ல் டெல்லியில் இருந்த கடைசி வைஸ்ராய். அந்தப் பெயர் பேட்டன்பர்க் என்ற ஜெர்மன் பட்டத்தின் ஆங்கில வடிவம். அந்தப் பட்டமோ, ஒரு பெண்ணை அரச குடும்பத்துக்குள் விடாமல் வாசலிலேயே நிறுத்தி வைக்கக் கொடுத்தது.

அவர் ஜூலியா ஹவுக்கே. வார்சாவில் பிறந்தவர். போலந்துப் படைத் தளபதியான அப்பா, ரஷ்ய ஆட்சிக்கு எதிரான 1830 கிளர்ச்சியில் கொல்லப்பட்டார். ரஷ்யப் பட்டத்து இளவரசரின் மனைவிக்குத் தோழியாக அரண்மனையில் இருந்த ஜூலியாவை, அந்த மனைவியின் அண்ணன், ஹெஸ்ஸே என்ற ஜெர்மன் அரசின் இளவரசர் அலெக்ஸாண்டர் விரும்பினார். ஜார் மன்னருக்கு இதில் சம்மதமில்லை. அலெக்ஸாண்டர் ரஷ்யப் படையில் தன் பதவியை இழந்தார்; காதலை விடவில்லை. 1851-ல் பிரெஸ்லாவ் நகரில் இருவருக்கும் திருமணம் நடந்தது.

ஜெர்மன் அரச குடும்பங்களில் இத்தகைய கல்யாணத்துக்குத் தனி விதி இருந்தது. அந்தஸ்தில் குறைந்தவள் மனைவியாகலாம். கணவனின் பட்டம் அவளுக்கு வராது. பிள்ளைகளுக்கு அரசுரிமை கிடையாது. எனவே ஹெஸ்ஸேயை ஆண்ட கணவரின் அண்ணன், என்றோ வாரிசற்றுப் போன ஒரு பழைய பிரபு வம்சத்தின் பெயரைத் தேடியெடுத்து, ஜூலியாவை ‘பேட்டன்பர்க் சீமாட்டி’ ஆக்கினார். 1858-ல் இளவரசி என்று உயர்த்தினார். அப்போதும் அரசுரிமை வரிசையில் பிள்ளைகளுக்கு இடமில்லை.

அந்தப் பிள்ளைகளில் ஒருவர் 1879-ல் பல்கேரியாவின் ஆட்சியாளரானார். பிரஷ்ய இளவரசி ஒருத்தியை அவர் மணக்க விரும்பியபோது ஜெர்மன் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் குறுக்கே நின்று தடுத்தார். இன்னொருவர், ஹென்றி, விக்டோரியா மகாராணியின் கடைசி மகளை மணந்தார். அவர்கள் மகள் ஸ்பெயினின் ராணி. இன்றைய ஸ்பெயின் மன்னருக்குக் கொள்ளுப்பாட்டி.

மூத்த மகன் லூயியின் கதைதான் என்னை அதிகம் வருத்துவது. பதினான்கு வயதில் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்து, 1912-ல் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர். 1914-ல் ஜெர்மனியுடன் போர் மூண்டதும் பத்திரிகைகளும் தெருவும் அவருடைய ஜெர்மன் பிறப்பைத் தோண்டியெடுத்தன. நாற்பத்தாறு வருட உழைப்பு அவருக்குத் துணைக்கு வரவில்லை. அக்டோபரில் பதவி விலகினார். 1917-ல் ஜெர்மன் பட்டத்தையும் துறந்தார். ‘பர்க்’ என்றால் மலை. அதை ‘மவுன்ட்’ என்று மொழிபெயர்த்து முன்னால் வைத்து, மவுன்ட்பேட்டன் ஆனார். நம் வைஸ்ராய் அவருடைய இளைய மகன்.

ஆனால் இந்தக் குடும்பத்தில் எனக்குப் பெரியவராகத் தெரிபவர் வைஸ்ராய் அல்லர். அவருடைய அக்கா ஆலிஸ். பிறவியிலேயே காது கேளாதவர். கிரேக்க இளவரசரை மணந்தவர். நாஜிகள் ஏதென்ஸைப் பிடித்திருந்த காலத்தில், கோஹென் என்ற யூதக் குடும்பத்தைத் தன் வீட்டில் ஒளித்துக் காப்பாற்றினார். பிடிபட்டிருந்தால் அவருக்கும் மரணம்தான். பிறப்பை வைத்து ஆளை ஒதுக்குவதை மூன்று தலைமுறையாகப் பார்த்த குடும்பத்துப் பெண் செய்த காரியம் இது. எந்தப் பட்டத்தையும்விட இதுவே உயர்ந்தது என்று நம்புகிறேன்.

ஆலிஸின் மகன்தான் எலிசபெத் ராணியின் கணவர் பிலிப்; பேரன் இன்றைய மன்னர் சார்லஸ். ஆலிஸின் உடல் 1988 முதல் ஜெருசலேமில், ஒலிவ மலையில் இருக்கிறது.