பாங்கொலிக்குக் காதைப் பொத்தும் பிள்ளை

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

 

விக்கிரமசிங்கபுரத்தில் எங்கள் வீட்டிற்கு நான்கு வீடு தள்ளி ஒரு குடும்பம் இருக்கிறது. மகனுக்கு ஆறு வயது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்ப மாட்டான். செருப்புகளை வரிசையாக அடுக்குவான். யாராவது ஒன்றை நகர்த்தினால் சுவரில் தலையை முட்டிக்கொள்வான். அஸர் பாங்கு ஒலிபெருக்கியில் எழுந்ததும் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு, வீறிட்டபடி கட்டிலுக்கு அடியில் புகுந்துவிடுவான்.

இந்தக் கடைசிச் செயலை வைத்து உறவினர் கூடித் தீர்ப்பு எழுதினார்கள். பாங்கு கேட்டால் ஷைத்தான் ஓடுகிறான் என்று ஹதீஸில் வந்திருக்கிறது, இவனும் ஓடுகிறான், ஆகவே இவனிடம் ஏதோ இருக்கிறது. அதன் பிறகு தாயத்து, தகடு, ஓதிய தண்ணீர், வெளியூரிலிருந்து வந்த ஓர் ஆள், அவருக்குப் பீடி சுற்றிச் சேர்த்த ஏழாயிரம் ரூபாய் என்று இரண்டு ஆண்டுகள் கழிந்தன.

அந்தப் பிள்ளையின் உம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அவர் வாதாடவில்லை. பீடிக் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில், பிள்ளை எப்பொழுதெல்லாம் காதைப் பொத்துகிறான் என்று குறிக்கத் தொடங்கினார். மிக்ஸி ஓடும்போது, குக்கர் விசில் அடிக்கும்போது, கொடை விழாவின் வேட்டுச் சத்தத்திற்கு, கல்யாண வீட்டு ஒலிபெருக்கிக்கு. பிறகு ஒருநாள் தம் கணவரிடம், வீட்டுக்குள் மெல்லிய குரலில் பாங்கு சொல்லச் சொன்னார். பிள்ளை ஓடவில்லை. வாப்பாவின் அருகில் வந்து, அவருடைய தொண்டையில் கைவைத்து, அதன் அதிர்வை உணர்ந்தபடி நின்றான்.

மறுநாள் என்னிடம் வந்து அவர் சொன்னது ஒரே வாக்கியம்: “ஹஜ்ரத், இவன் பயப்படுறது பாங்குக்கு இல்ல, மைக்குக்கு.”

நம் சமுதாயத்தில் ஆலிம்களும் பெரியவர்களும் செய்திருக்க வேண்டிய விசாரணையை அந்தத் தாய் தனியாகச் செய்து முடித்திருக்கிறார். நாமோ விசாரிக்காமலேயே தீர்ப்புச் சொன்னோம். காரணம் தேடாமல் ஜின் என்று முத்திரை குத்துவது மார்க்கப் பற்று அன்று. மார்க்கம் தடுத்த யூகம் என்பதே என் வாதம்.

நம்பிக்கையும் யூகமும்

ஜின்கள் உண்டு என்பது நம் ஈமானைச் சேர்ந்தது. திருக்குர்ஆனில் அவர்கள் பெயரால் 72ஆம் அத்தியாயமே இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை, மறுப்பவனும் இல்லை. ஆனால் ஜின் இருக்கிறது என்பது வேறு. இந்தத் தெருவில், இந்த வீட்டில், இந்தப் பிள்ளையிடம் இருக்கிறது என்பது வேறு. முன்னது வஹீயால் வந்த செய்தி. பின்னது மறைவானதைப் பற்றிய ஒரு மனிதரின் கூற்று. மறைவானவற்றின் அறிவு அல்லாஹ்வுக்கே உரியது என்று மேடையில் முழங்கும் நாம், காசு வாங்கிக்கொண்டு ஒருவர் “மூன்று ஜின் இருக்கிறது, ஒன்று பெண்” என்று எண்ணிச் சொல்லும்போது எப்படித் தலையாட்டுகிறோம்?

அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர்வதை 17ஆம் அத்தியாயத்தின் 36ஆம் வசனம் தடுக்கிறது. செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்று எச்சரிக்கிறது. 49ஆம் அத்தியாயம் யூகங்களைத் தவிர்க்கச் சொல்கிறது. செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளச் சொல்கிறது. இவை அண்டை வீட்டாரைப் பற்றிய வதந்திக்கு மட்டும்தானா? வாய்பேச இயலாத ஒரு பிள்ளையைப் பற்றிய வதந்திக்கு இல்லையா?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்த மரணத்தால்தான் சூரியன் மறைந்தது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு நபியவர்களுக்குப் பெருமை சேர்ப்பதாகவே இருந்தது. ஆயினும் மகனை இழந்த துயரத்திலும் அவர்கள் அதை ஏற்கவில்லை. எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று அங்கேயே திருத்தினார்கள். நல்ல எண்ணத்தோடு சொல்லப்பட்டாலும் பொய்க் காரணம் பொய்க் காரணம்தான் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் நமக்கு வேண்டியதில்லை.

என் கையில் இருந்த பிரம்பு

ஊராரை மட்டும் குற்றம் சொல்லி நான் ஒதுங்க முடியாது. பல ஆண்டுகளுக்கு முன் என் மக்தபில் ஒரு சிறுவன் ஓதினான். அரை மணி நேரத்திற்குள் இருபது தடவை ஒரே கேள்வியைக் கேட்பான்: “நாளைக்கு லீவா?” பதில் சொல்லியும் கேட்பான். என்னைக் கேலி செய்கிறான் என்று எண்ணிக் கையில் அடித்தேன். அவன் அழவில்லை, சிவந்த கையைப் பார்த்துவிட்டு, மீண்டும் “நாளைக்கு லீவா?” என்றான். இன்னும் பலமாக அடித்தேன்.

நாளை என்ன நடக்கும் என்று தெரியாத அச்சம் அவனை அப்படிக் கேட்க வைத்தது என்பதைப் பின்னாளில் அவன் வாப்பா மூலம் அறிந்தேன். சுவரில் ஒரு நாள்காட்டியை மாட்டி, விடுமுறை நாளைப் பச்சை மையில் வட்டமிட்டிருந்தால் போதுமாக இருந்திருக்கும். மூவரிடமிருந்து எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்ற ஹதீஸை, அதாவது உறங்குபவர், சிறுவர், புத்தி தெளிவில்லாதவர் மீது குற்றம் எழுதப்படுவதில்லை என்பதை, அதே வகுப்பில் நடத்தியவன் நான். அல்லாஹ் எழுதாத குற்றத்திற்கு நான் தண்டனை கொடுத்தேன். அந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அந்தச் சிறுவனுக்கு என் மன்னிப்பு புரிந்ததா என்பதை அல்லாஹ்வே அறிவான்.

ஏர்வாடியை மறந்துவிட்டோமா?

தவறான காரணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் தமிழகத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. ஓலைக் கொட்டகைக்குள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. அங்கிருந்த அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. இன்று மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது.

அங்கே இறந்தவர்கள் மனநோயாளிகள். நான் பேசுவது வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளைப் பற்றி. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் வீட்டு வாசலிலிருந்து அந்தச் சங்கிலி வரை போகும் பாதை ஒன்றுதான். முதலில் ஒரு பெயர் சூட்டுகிறோம். பெயர் சூட்டியதும் விசாரணை நின்றுவிடுகிறது. விசாரணை நின்றதும் பிள்ளையின் வலி நம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

இது தர்காவை ஆதரிப்போர், எதிர்ப்போர் என்ற பழைய சண்டை அன்று. தாயத்தைக் கழற்றிவிட்டோம் என்று பெருமை பேசுவோரில் சிலர், அதே பிள்ளையை ‘ருக்யா’ என்ற பெயரில் அடித்து நடத்துவோரிடம் கூட்டிப்போகிறார்கள். மறுபுறம் ஏர்வாடி தர்காவிலேயே இன்று ‘தவா–துஆ’ என்ற பெயரில், பிரார்த்தனைக்கு வருவோருக்கு மருத்துவமும் கிடைக்க அரசு வழிசெய்திருக்கிறது.

உம்மாவின் மேல் போடும் பழி

ஜின்னுக்கு அடுத்தபடியாக நாம் கைகாட்டுவது உம்மாவை. கர்ப்பமாக இருக்கும்போது மஃரிபுக்குப் பிறகு வெளியே போனாள், செல்லம் கொடுத்தாள், கைபேசியைக் கொடுத்தாள் என்று அடுக்குகிறோம். படித்த நாடுகளும் இந்தப் பாவத்தைச் செய்தன. ஆட்டிசத்தை 1943இல் லியோ கேனர் விவரித்த பிறகு, தாயின் பாசக் குறைவே அதற்குக் காரணம் என்று பல ஆண்டுகள் மருத்துவ உலகில் பேசப்பட்டது. அதை எதிர்த்து 1964இல் நூல் எழுதிய பெர்னார்ட் ரிம்லண்ட், ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தை. 1977இல் வெளியான இரட்டையர் பற்றிய ஆய்வு, பிறவியிலேயே அமைந்த மரபுக் கூறுகளின் பங்கைக் காட்டியது. தடுப்பூசியே காரணம் என்று 1998இல் கிளம்பிய கட்டுரையும் 2010இல் அதே இதழால் திரும்பப் பெறப்பட்டது. தாயும் காரணமல்லள், தடுப்பூசியும் காரணமன்று.

எப்படிப் பிரித்தறிவது?

பேச முடியாத பிள்ளைக்கு நடத்தையே பேச்சு. அந்தப் பேச்சைப் புரிந்துகொள்ள ஒரு வரிசை உண்டு.

முதலில் உடலைப் பாருங்கள். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கு முதல் தேவை செவித்திறன் சோதனை. திடீரென்று தலையை முட்டத் தொடங்கினால் காதுவலி, பல்வலி, தலைவலி உண்டா என்று பாருங்கள். வயிற்றைப் பிசைந்து அழுதால் மலச்சிக்கலா என்று கேளுங்கள். மண்ணும் சுண்ணாம்பும் தின்றால் இரத்தச்சோகைக்குச் சோதியுங்கள். சில நொடிகள் வெறித்துப் பார்த்து நின்றுவிட்டுப் பிறகு எதுவும் நடக்காததுபோல் விளையாடினால், அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம். கைபேசியில் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்து, சூழலைப் பாருங்கள். சத்தம், வெளிச்சம், சட்டைக் காலரில் குத்தும் துணி, புதிய ஆள், மாறிய பாதை, தூக்கமின்மை, பசி. ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: நடப்பதற்கு முன் என்ன இருந்தது, பிள்ளை என்ன செய்தான், அதன்பின் நாம் என்ன செய்தோம். இரண்டு வாரம் எழுதினால், ‘காரணமே இல்லாமல் கத்துகிறான்’ என்று சொன்ன பல இடங்களில் காரணம் தெரியும். மூன்றாவது பத்தி நம்மைப் பற்றியது. கத்தினால்தான் கேட்டது கிடைக்கும் என்று நாமே கற்றுக்கொடுத்திருப்பதும் அதில் தெரியும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒன்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். தாமிரபரணியும் வாய்க்கால்களும் நம் வாசலில் ஓடுகின்றன. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர் மேல் தீராத ஈர்ப்பு உண்டு. ஆற்றை நோக்கி ஓடும் பிள்ளையை ‘ஆற்று ஜின் அழைக்கிறது’ என்று சொல்லி வீட்டில் ஓதிக்கொண்டிருந்தால், ஒருநாள் கதவு திறந்திருக்கும்போது மையித்தாகத்தான் எடுத்து வருவோம். உயரத்தில் ஒரு தாழ்ப்பாள், அண்டை வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தல், முடிந்தால் நீச்சல் பயிற்சி: இவையே அந்தப் பிள்ளைக்குக் காவல்.

ஒரு வயதாகியும் பெயருக்குத் திரும்பாமை, ஒன்றரை வயதாகியும் விரலால் சுட்டிக்காட்டாமை, இரண்டு வயதாகியும் இரு சொல் சேர்த்துப் பேசாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். பாளையங்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில், எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இத்தகைய பிள்ளைகளுக்கு ஆரம்பகாலப் பயிற்சி அளிக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளிட்ட 21 வகைகளை ஏற்கிறது. அடையாள அட்டை வாங்குவது வெட்கம் அன்று. அது பிள்ளையின் உரிமை.

சொல்லப்படும் மறுப்புகள்

“ஓதினால் அடங்குகிறானே?” அடங்கட்டும், அல்ஹம்துலில்லாஹ். அமைதியான அறை, உம்மாவின் மடி, மெல்லிய ஒரே சீரான ஓசை ஆகியவை வழியாகவும் அல்லாஹ் நிம்மதி தருகிறான். ஃபாத்திஹா ஓதுங்கள், துஆச் செய்யுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபியின் உம்மத் நாம். கட்டாமல் விட்டுவிட்டு ஓதச் சொல்லவில்லை.

“மருத்துவராலும் குணமாக்க முடியவில்லையே?” உண்மை. ஆட்டிசத்தை நீக்கும் மருந்து இல்லை. இருப்பதாகச் சொல்லி லட்சக்கணக்கில் வாங்குபவர், வெள்ளைக் கோட்டு அணிந்திருந்தாலும், அந்த ஏழாயிரம் வாங்கியவருக்கு அண்ணன்தான். ஆனால் வலிக்கு மருந்து உண்டு, வலிப்புக்கு மருந்து உண்டு, பேச்சுக்கும் பழக்கத்திற்கும் பயிற்சி உண்டு.

“வெளியே தெரிந்தால் இவன் ராத்தாவுக்கு வரன் வராதே?” இந்தக் கேள்விதான் பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டுகிறது. இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்தத் தாய் அல்லர். இப்படிப்பட்ட வீட்டில் பெண் எடுக்கத் தயங்கும் நாம்தாம்.

ஜமாஅத்தின் பங்கு

நபியவர்கள் தம் பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடி தொழுதார்கள். குழந்தையின் அழுகுரல் கேட்டுத் தொழுகையைச் சுருக்கினார்கள். பார்வையற்ற தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களைவிட்டு முகம் திருப்பியதற்காக அல்லாஹ் தன் நபியையே கண்டித்து 80ஆம் அத்தியாயத்தை இறக்கினான். இவற்றை பயான் செய்யும் நம் பள்ளிகளில், சத்தமிடும் பிள்ளையுடன் வரும் வாப்பா கடைசி ஸஃப்பிலிருந்தும் விரட்டப்படுகிறார்.

எங்கள் பள்ளியில் இப்போது அந்தப் பிள்ளையின் வீட்டுப் பக்கம் இருந்த ஒலிபெருக்கியைத் திருப்பி வைத்திருக்கிறோம். அதற்கே மூன்று வாரம் வாக்குவாதம் நடந்தது. “ஒரு பிள்ளைக்காகப் பாங்கின் சத்தத்தைக் குறைப்பதா?” என்று கேட்டவர்களிடம் நான் சொன்னேன்: பாங்கு மனிதர்களைத் தொழுகைக்கு அழைக்கிறது, அந்தப் பிள்ளையும் அழைக்கப்பட்டவர்களில் ஒருவன்தான்.

சென்ற வெள்ளிக்கிழமை அவன் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு வந்தான். ஒளூச் செய்யும் இடத்தில் தண்ணீரை அளைந்தான். வாசலில் கிடந்த செருப்புகளையெல்லாம் வரிசையாக அடுக்கினான். தொழுது வெளியே வந்தவர்கள் தங்கள் செருப்பைத் தேடாமல் எடுத்துப் போனார்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் விசாரித்தறியும் பொறுமையைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.