இளைஞருக்காகச் சுவரை இடித்தார்கள்!

மாதா கோவிலைக் கட்டுவார்கள். பழுது பார்ப்பார்கள். கூட்டம் தாங்காமல் கோவில் சுவரையே இடித்தது உண்டா?

உண்டு! பிரான்சு நாட்டில் தெய்சே என்ற சிறு கிராமத்தில் அது நடந்தது. 1971-ம் ஆண்டு ஈஸ்டர் திருநாள். வந்து குவிந்த இளைஞர்களுக்கு இடம் போதவில்லை. முகப்புச் சுவரை இடித்தார்கள். வெளியே கூடாரம் போட்டார்கள்.

ஐரோப்பாவில் பல கோவில்களில் இன்று ஞாயிற்றுக்கிழமை கூட பெஞ்சுகள் காலி. வருகிறவர்களில் பலர் தலை நரைத்தவர்கள். ஆனால் தெய்சேக்குக் கோடையில் வாரந்தோறும் ஆயிரக்கணக்கில் இளைஞர்கள் வருகிறார்கள். காரணம் என்ன?

போரில் பிறந்த மடம்

சுவிட்சர்லாந்து நாட்டு வாலிபர் ரோஜர், 1940-ல் இந்த ஊருக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 25. உலகப் போர் நடந்த நேரம். உயிருக்குப் பயந்து ஓடிவந்த அகதிகளுக்கும் யூதர்களுக்கும் வீட்டில் இடம் கொடுத்தார். பிறகு ஒரு மடம் அமைத்தார். கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் அங்கே ஒன்றாக வாழ்கிறார்கள்.

1962-ல் பெரிய கோவில் எழுந்தது. கட்டியவர்கள் யார் தெரியுமா? ஜெர்மன் இளைஞர்கள்! போரில் எதிரியாக இருந்த நாட்டில், சமாதானத்தின் அடையாளமாகக் கட்டினார்கள்.

காது கொடுப்பவர்கள்

தினமும் மூன்று வேளை மணி அடிக்கும். எல்லோரும் தரையில் உட்கார்ந்து ஜெபிப்பார்கள். நீண்ட பிரசங்கம் கிடையாது. சிறு பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். பிறகு சில நிமிடம் மௌனம். சமைப்பது, பாத்திரம் கழுவுவது, கழிப்பிடம் சுத்தம் செய்வது எல்லாவற்றிலும் இளைஞர்களுக்குப் பங்கு உண்டு.

இரவு ஜெபம் முடிந்ததும் துறவிகள் சிலர் கோவிலிலேயே இருப்பார்கள். மனபாரம் உள்ளவர் போய்ப் பேசலாம். துறவி காது கொடுத்துக் கேட்பார்.

ரகசியம் இதுதான். புத்திமதி சொல்ல ஊரெல்லாம் ஆள் உண்டு. தங்கள் பேச்சைக் கேட்கத்தான் ஆள் இல்லை என்று இளைஞர்கள் ஏங்குகிறார்கள்.

இரண்டு சோதனைகள்

2005 ஆகஸ்டு 16. மாலை ஜெபத்தின்போது, மனநிலை சரியில்லாத ஒரு பெண் ரோஜரைக் கத்தியால் குத்தினாள். 90 வயதில் அவர் உயிர் பிரிந்தது. ஆனால் இளைஞர் வருவது நிற்கவில்லை.

2019-ல் வந்தது அதைவிடக் கடுமையான சோதனை. பல ஆண்டுகளுக்கு முன் சில துறவிகள் இளம் வயதினரிடம் முறைகேடாக நடந்ததாகப் புகார் எழுந்தது. மடமே அதை ஊரறியச் சொன்னது. அரசு வழக்கறிஞருக்கும் தெரிவித்தது.

காது கொடுத்தால் இளைஞன் வருவான். உண்மையாக நடந்தால்தான் நிலைப்பான். தவறை மூடி மறைத்தால் சுவர் மிஞ்சும். உள்ளே ஆள் இருக்காது.

கோவிலுக்கு மட்டுமா இந்தப் பாடம்? நம் வீட்டுக்கும்தான்!