அதே செல்போன்தானே?

"இப்பெல்லாம் யாருங்க சாதி பாக்கறாங்க? உங்க பையன் கையிலயும் செல்போன், எங்க பையன் கையிலயும் அதே செல்போன்." கோபிசெட்டிபாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒரு முற்போக்கு நண்பர் சொன்னது இது. நல்ல மனுசர். டீக்குக் காசும் அவர்தான் கொடுத்தார். ஆனாலும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் பக்கத்துக்குக் கேமரா புதுசல்ல. சினிமாக்காரர்கள் எத்தனையோ வருசமாக வந்து வயலையும் வாய்க்காலையும் தென்னந்தோப்பையும் படம் பிடித்துப் போனார்கள். அந்த வயலில் நாற்று நட்ட என் அம்மா, வந்திருந்தால், குனிந்த முதுகாகத்தான் வந்திருப்பாள். எங்கள் வளவுப் பக்கம் கேமராவைத் திருப்பியவனை நான் பார்த்ததில்லை. இப்போது திரும்பியிருக்கிறது. திருட்டைத் தடுக்கவாம், ஊர்க்காசில் கம்பத்தில் மாட்டிய ஒன்று எங்கள் ஆளுக போய்வருகிற தடத்தைப் பார்த்தபடி நிற்கிறது. டீக்கடையைப் பார்க்க ஒன்றுமில்லை. அங்கே வைத்தால் யாருக்கு எந்த டம்ளர் என்று பதிவாகிப் போகுமல்லவா!

தோழர்களே, கோகுல்ராஜை மறந்துவிட்டோமா? ஓமலூர்ப் பையன், என்ஜினீயரிங் படித்த தலித் இளைஞர். 2015 ஜூன் 23 அன்று, கூடப் படித்த கவுண்டர் சாதிப் பெண்ணோடு திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். தற்கொலை என்று காட்டுவதற்காக அவரையே பேச வைத்து வீடியோ எடுத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் வெத்துப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கினானே, அதே வேலைதான். தலைமறைவாக இருந்த தீரன் சின்னமலை கவுண்டர் பேரவை யுவராஜ், அக்டோபரில் சரணடையும்வரை வாட்ஸ்அப்பில் பேசிப் பேசி அனுப்பிக்கொண்டிருந்தான். போலீசு தேடுகிறவன் குரல் ஊரூராய்ப் போன்களில் கேட்டது. வாட்ஸ்அப் அமெரிக்காவில் செய்தது. இங்கே வந்ததும் அதற்கு ஊர்க்கூட்டத்து வேலையைக் கொடுத்துவிட்டார்கள்.

அப்படியானால் போனைத் தூக்கி எறிவதா? நம்மிலேயே சிலர் அப்படிப் பேசுகிறார்கள். அதுவும் தப்பு. அந்தக் கோயில் கேமரா மட்டும் இல்லாவிட்டால் வழக்கு என்னவாகியிருக்கும்! பதிவில் இருப்பது நானில்லை என்று அந்தப் பெண்ணே கோர்ட்டில் சொல்லிவிட்டார். உயர்நீதிமன்ற நீதிபதிகள் 2023 ஜனவரியில் கோயிலுக்கே போய் இடத்தைப் பார்த்தார்கள். மதுரை சிறப்பு நீதிமன்றம் 2022இல் கொடுத்த ஆயுள் தண்டனை 2023 ஜூனில் யுவராஜுக்கு உறுதியானது. ஆனால் கேமரா தானாக நடந்து கோர்ட்டுக்குப் போகவில்லை. வழக்கை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்ற வைத்தது அந்தத் தாய். இதை யாரும் விட்டுவிட்டுப் பேசவேண்டாம்.

2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டையில் சங்கரைப் பட்டப்பகலில் வெட்டியதும் கேமராவில் பதிவானது. ஊரே போனில் பார்த்தது. எனக்கும் ஒருத்தன் அனுப்பினான், கீழே சிரிப்புப் பொம்மை போட்டு. அவன் படிக்காதவனல்ல, டிகிரி முடித்தவன்.

மாணவத் தோழர்களுக்கு ஒன்று சொல்லணும். டம்ளரையோ அடிதடியையோ படம் எடுத்தால் அசலை அழிக்காதீர்கள், எடுத்த போனையும் விற்காதீர்கள். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த நகலை வைத்துக்கொண்டு கோர்ட்டில் நிற்பது கஷ்டம். மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்பார்கள். முன்பு சாட்சியச் சட்டம் 65பி. 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தில் 63ஆம் பிரிவு. நம் வக்கீல்கள் இதை வளவு வளவாக வந்து சொல்லித்தர வேண்டும். கவிதை வாசிக்கிற கூட்டத்தில் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கினால் ஒன்றும் குறைந்துவிடாது.

நண்பருக்கு நான் சொன்னது இதுதான்: "என் பையன் போன்லயும் எங்க ஊர் டீக்கடை வீடியோ ஒண்ணு இருக்குங்க. எடுத்து அஞ்சு மாசம் ஆச்சு. இன்னும் வெளிய விடலை. தெரிஞ்சா தோட்டத்து வேலைக்குக் கூப்பிட மாட்டாங்கன்னு அவங்கம்மா அழுவறா. உங்க பையன் எடுத்திருந்தா அன்னைக்கே போட்டிருப்பான். அதே செல்போன்தானுங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பஸ் வந்திருச்சு என்றார்.