ஜன்னல் மேல் விழுந்த சிவப்புக் கோடு



ரவாங் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி மாணவர் ஒருவரின் கட்டுரையேட்டை அண்மையில் பார்க்க நேர்ந்தது. 'ஜன்னல்' என்னும் சொல் சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, ஓரத்தில் 'ஆங்கிலச் சொல். சாளரம் என்று எழுதுக' எனக் குறிக்கப்பட்டிருந்தது. புள்ளியும் குறைக்கப்பட்டிருந்தது.

ஆங்கிலேயர் அதனை 'விண்டோ' என்பர். அதிலிருந்து ஜன்னல் எங்ஙனம் பிறக்கும்?

ஜன்னல் போர்த்துகீசியரின் 'ஜனேலா'. 1511இல் மலாக்காவைப் பிடித்த அதே போர்த்துகீசியர்தாம். மலாய் மொழியின் 'ஜெண்டேலா'வும் அதுவே. நம் பிள்ளைகள் இரு பாடவேளைகளில் ஒரே சொல்லைப் படிக்கிறார்கள், அதை அவர்களுக்குச் சொல்வார்தான் இல்லை. இலத்தீனில் கதவுக்கு 'யானுவா' என்று பெயர். அதன் சிறுமை வடிவமே ஜனேலா; அதாவது 'சிறு கதவு'. இலத்தீனில் சாளரத்துக்குரிய சொல் 'ஃபெனெஸ்திரா'. இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் அதனையே காத்து, ஃபினெஸ்திரா, ஃபெனேத்ர் என்கின்றனர். போர்த்துகீசியத்திலோ அது 'ஃபிரெஸ்தா' எனத் தேய்ந்து, வெறும் இடுக்கு என்ற பொருளுக்கு இறங்கிவிட்டது. ஸ்பானியர் காற்றைக் குறிக்கும் 'வெந்துஸ்' என்பதிலிருந்து 'வெந்தானா' என்றனர். தாய் ஒன்று, பிள்ளைகள் பேச்சு வெவ்வேறு.

காற்றைக் கொண்டு பெயரிட்டவர்கள் ஸ்பானியர் மட்டுமல்லர். சிலப்பதிகாரத்தில் வரும் 'காலதர்' என்பதும் அஃதே: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. பல கண்களை உடையது 'பலகணி'. தூய தமிழ்தான் வேண்டுமென்றால் இவையல்லவா முன்னிற்க வேண்டும்? சாளரத்தையே வடமொழி 'ஜாலம்' (வலை) என்பதோடு இணைப்போர் உண்டு. ஒரு கடன்சொல்லை விரட்டக் கடன் ஐயமுள்ள இன்னொன்றையா காவல் வைப்பது?

இன்னொன்று. கரும்பலகையில் நாம் எழுதும் 'ஜனவரி', யானுஸ் என்னும் வாயிற்கடவுளின் பெயரால் அமைந்தது. யானுவாவின் உறவுச் சொல். அதன்மேல் எவரும் கோடு போடவில்லை! சாவியும் அலமாரியும் போர்த்துகீசியரிடமிருந்து வந்தவையே. மலாய்க்காரரும் 'அல்மாரி' என்றே சொல்கின்றனர்.

பிறமொழிச் சொற்களைத் தாராளமாகப் புழங்கலாம் என்று நான் வாதிடவில்லை. 'டீச்சர் ஹோம்வர்க் குடுத்தாங்க' என்று எழுதும் பிள்ளையைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் நூற்றாண்டுகளாக நம் வீட்டுச் சுவரில் இருக்கும் சொல்லைப் பிழையென்பது வேறு. பெற்றோர்களே, அப்படியொரு கோடு உங்கள் பிள்ளையின் ஏட்டிலும் இருந்தால், பணிவோடு ஆசிரியரிடம் கேளுங்கள்: இது எந்த ஆங்கிலச் சொல், ஐயா?